பச்சிலையும் பரிசோதனைக் குழாயும்

நுழையும்முன்

வேரிலும் தழையிலும் மருந்து தேடிய மரபு நம்முடையது. உயிர்ச்சத்துக் குறைந்தால் மாத்திரையைத் தேடுவது இக்காலத்தின் வழக்கம். முன்னதில் நோயாளியாக நின்று, பின்னதில் ஆராய்ச்சியாளராக உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. அவர் சென்னையில் படித்தவர்; சென்னையில் தோற்றவர்; சென்னையில் உயிர் பிழைத்தவர்.

ஊர்ப்பெயரில் உறைந்த வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி, தாம்பரத்தை அடையுமுன் தாம்பரம் சானடோரியம் என்னும் நிலையத்தில் நிற்கும். சானடோரியம் என்பது நெடுநாள் நோயாளிகள் தங்கி உடல் தேறும் இடம். 1928ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சவுரிமுத்து இங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையே இப்பெயருக்குக் காரணம். இங்கிலாந்திலும் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர் அவர். கணிதமேதை இராமானுசன் அங்கே சிறிது காலம் மருத்துவம் பெற்றதுண்டு. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அறியப்படாத காலம் அது. தூய காற்றும் வெயிலும் ஓய்வும் ஊட்டமுள்ள உணவுமே மருத்துவர் கையில் இருந்தன.

அதே பகுதியில் 2005ஆம் ஆண்டு தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. குடிநீரும் சூரணமும் வாங்க மக்கள் திரளாக வரும் அவ்விடத்தில் ஆய்வுக்கூடங்களும் உள்ளன. ஒரு மூலிகை நோயைத் தீர்த்தது என்றால், அதனுள் இருந்து தீர்த்தது எது? எவ்வளவு கொடுத்தால் தீரும்? எவருக்குக் கொடுக்கக் கூடாது? மருந்து பச்சிலையாயினும் மாத்திரையாயினும் இக்கேள்விகள் மாறுவதில்லை. சவுரிமுத்து தாம்பரத்திற்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்னை நகரத்தில் இளம் மருத்துவர் ஒருவருக்கு இக்கேள்விகள் தம் உடலிலேயே எழுந்தன. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை வென்றவர்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை செகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறிக் காசிக்குச் சென்று, வழிபட வருவோருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் எனப் புறப்பட்ட சிறுவனை, வழியிலேயே மீட்டுக் கொணர்ந்தனர். தந்தையின் மறைவுக்குப் பின் தாய் தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார். தேர்வில் தோற்றவரைக் குடும்பத்தின் சுமையென்று எண்ணிக் கைவிடாத அந்தத் தாயை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது இராமகிருட்டிண மடத்தின்பால் அவர் மனம் சென்றது. துறவு பூண விரும்பினார், தாய் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டாற்றலாம் என்று மடத்தினர் வழிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்விச் செலவுக்குக் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டு சுப்பாராவ் மணந்தார்.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். அறுவை மருத்துவக் கூடத்திற்குச் சுப்பாராவ் கதரால் தைத்த மேலங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், அக்கதவும் திறக்கவில்லை. ஒரு மேலங்கிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

ஒரே நோய், மூன்று உடன்பிறப்புகள்

அவர் மாணவராக இருந்த ஆண்டுகளிலேயே குடும்பத்தில் பேரிழப்பு நேர்ந்தது. சகோதரர் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்ப்ரூ என்னும் நோயால் இறந்தனர். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்நோயில் சிறுகுடல் உணவின் சத்துகளை உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். ஓயாத கழிச்சல், நாப்புண், உடல் மெலிவு, குருதிச்சோகை ஆகியவை தொடரும். உண்டும் பட்டினி கிடப்பது போன்ற நிலை அது. நம் மரபு மருத்துவ நூல்கள் கிரகணி எனக் குறிப்பிடும் நோய் இதனை ஒத்தது.

பின்னர் சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. அவர் கற்ற மேலை மருத்துவத்தில் அன்று அதற்குத் தக்க மருந்து இல்லை. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியிடம் சென்றார். அவர் தந்த மருந்தை உண்டு நலம் பெற்றார். இலட்சுமிபதியும் மேலை மருத்துவம் பயின்று பின் ஆயுர்வேதத்தின் பக்கம் வந்தவரே. அவருடைய துணைவியார் ருக்மிணி இலட்சுமிபதி வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். சென்னை எழும்பூரில் அவர் பெயரால் அமைந்த சாலையை நம்மில் பலர் கடந்திருப்போம்.

நோய் நீங்கியவுடன் பலரும் மருந்தைப் போற்றுவர், சிலர் மறப்பர். சுப்பாராவ் இரண்டையும் செய்யவில்லை. இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, அம்மருந்துகள் செயல்படும் முறையை அறிவியல் வழியில் விளக்க முயன்றார். அக்காலச் சென்னையில் இது தனியொருவரின் ஆர்வம் மட்டுமன்று. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய அரசு 1921ஆம் ஆண்டு உஸ்மான் குழுவை அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் இந்திய மருத்துவப் பள்ளி 1925ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. ஆர்வம் இருந்தது, ஆனால் ஒரு சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து, எடைபோட்டு, இன்னதுதான் மருந்து என்று காட்டுவதற்குரிய வேதியியல் கருவிகளும் பயிற்சியும் அக்கல்லூரியில் இல்லை.

ஆகவே கடல் கடக்கத் துணிந்தார். காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை அளித்த உறுதியும் மாமனார் திரட்டிய பணமும் அவரை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டு சேர்த்தன. சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். அவர் புறப்பட்டபின் பிறந்த ஆண்குழந்தை கிருமித்தொற்றால் மழலைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை மகனைக் கண்டதே இல்லை.

நீலநிறம் சொன்ன செய்தி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற சுப்பாராவிடம் போதிய பணம் இல்லை. இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்து பிழைத்தார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் அதனை இழிவாகக் கருதாமல் செய்தார் என்பதை அவர் வரலாறு பதிவு செய்துள்ளது.

பட்டயம் பெற்றபின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் காணும் எளிய முறையை இருவரும் 1925ஆம் ஆண்டு வெளியிட்டனர். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து ஒடுக்கும்போது நீலநிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். நிறத்தின் அடர்வை அளந்தால் பொருளின் அளவு கிடைக்கும். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என வழங்கும் இதனை உலகின் ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகள் பயன்படுத்தின.

அந்த நீலநிறமே அடுத்த வாயிலையும் திறந்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் பாஸ்பரசை அளந்தபோது, நிலையற்ற சேர்மம் ஒன்று அதில் இருப்பது தெரிந்தது. தசை உழைக்கையில் அது சிதைந்தது. ஓய்வில் மீண்டும் உருவாயிற்று. பாஸ்போகிரியேட்டின் எனப்படும் அச்சேர்மத்தை 1927ஆம் ஆண்டு அறிவித்தனர். 1929ஆம் ஆண்டு தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் சேர்மத்தைப் பிரித்தனர். செருமனியில் கார்ல் லோமனும் அதே காலத்தில் தனியே அதனைக் கண்டறிந்தார். உயிரியல் பாடத்தில் உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று நீங்கள் படிக்கும் ஏ.டி.பி. அதுவே. 1930ஆம் ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை.

கல்லீரலும் ஈஸ்ட்டும் கீரையும்

இக்காலத்தில் குருதிச்சோகைக்கு விந்தையான மருந்து ஒன்று பேசப்பட்டது. கொடிய குருதிச்சோகை உடையோர் விலங்கின் கல்லீரலை நாள்தோறும் உண்டால் பிழைக்கின்றனர் என்று 1926ஆம் ஆண்டு மைனாட், மர்ஃபி என்னும் பாஸ்டன் மருத்துவர்கள் காட்டினர். சுப்பாராவுக்கு இது பழகிய கேள்வி. உணவு மருந்தாகிறது, அதனுள் மருந்தாவது எது? கல்லீரல் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் நெடும் பணியில் அவர் இறங்கினார்.

கேள்வியின் மறுமுனை இந்தியாவிலேயே இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928ஆம் ஆண்டு மும்பைக்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடும் குருதிச்சோகையை ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் பெண்கள் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றியதுண்டு. மலிவான ஈஸ்ட் சாறு அப்பெண்களைக் குணப்படுத்துவதை 1931ஆம் ஆண்டு அவர் எழுதினார். அச்சாற்றில் இருந்த பெயரறியாப் பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து நுண்ணுயிர்களின் வளர்ச்சிக்குத் தேவையான அமிலத்தைப் பிரித்தெடுத்து, இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் நகரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்; விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார். அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டாக்ஸ்டட் கல்லீரலிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பெற்றார். 1945ஆம் ஆண்டு குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே உருவாக்கினர். டன் கணக்கில் கீரையோ கல்லீரலோ இனித் தேவையில்லை. வில்ஸ் கண்ட குருதிச்சோகைக்கு மட்டுமன்றி, ஸ்ப்ரூ நோய்க்கும் அது பயன்படுவதை டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோன நோய்க்கு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து மருந்து வெளிவந்தது.

தெரியுமா?

முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு ஆகியவற்றில் ஃபோலேட்டுச் சத்து உண்டு. நீரில் கரையும் சத்தாதலால், கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி வீணாகும். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புச்சத்துடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது.

சத்தே தீங்கான இடம்

ஃபோலிக் அமிலத்தின் கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக்கதையாகியிருக்கும். புதிய உயிர்ச்சத்தை எல்லா நோய்க்கும் கொடுத்துப் பார்க்கும் வேட்கை அன்றும் இருந்தது. மைனாட் கண்ட கொடிய குருதிச்சோகைக்கு அதனைக் கொடுத்தபோது குருதி தேறியது. ஆனால் நரம்புகளின் சிதைவு நிற்கவில்லை. அந்நோயில் குறைந்திருந்தது பி12 என்னும் வேறோர் உயிர்ச்சத்து என்பது 1948ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. குருதி தேறிய தோற்றம், உள்ளே நடந்த கேட்டை மறைத்தது. சத்து மாத்திரைதானே, உண்டால் என்ன என்று எண்ணுவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இரத்தப் புற்றுநோயில் பாடம் இன்னும் கடுமையாக இருந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், நோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களைக் கொடுத்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்தது போலத் தோன்றியது. உயிரணு பிரிவதற்கு டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. உருவாக ஃபோலேட்டு வேண்டும். கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களுக்கும் அதுவே இரை. அப்படியாயின், அவ்விரையைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றும் போலிகளை உருவாக்கியது. மூலக்கூறில் ஓரிடத்திலிருந்த ஹைட்ராக்சில் தொகுதிக்கு மாற்றாக அமினோ தொகுதி அமைந்தது, அவ்வளவே வேறுபாடு. பூட்டில் நுழைந்தும் திரும்பாத சாவியைப் போல அது நொதியை அடைத்துக்கொண்டது. அமினாப்டரின் என்னும் அம்மருந்தை ஃபார்பர் 1947ஆம் ஆண்டின் இறுதியில் கொடுக்கத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய அறிக்கையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. தற்காலிகம் என்ற சொல்லை அறிக்கை மறைக்கவில்லை. அக்குழந்தைகள் நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அதற்குமுன் எந்த மருந்தாலும் இந்த அளவிற்கு இரத்தப் புற்றுநோய் பின்வாங்கியதில்லை. அதன் உடன்பிறப்பான மெத்தோடிரெக்சேட்டு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து. ஃபோலிக் அமிலம் ஒருவருக்கு மருந்து. மற்றொருவருக்கு அதன் பகையே மருந்து.

ஊர் நோய்களுக்கு ஒரு விடை

அமெரிக்காவில் இருந்தபோதும் வெப்ப நாடுகளின் நோய்களை அவர் மறக்கவில்லை. 1947ஆம் ஆண்டு அவருடைய ஆய்வகம் ஹெட்ரசான் என்னும் மருந்தைக் கொணர்ந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களின் இளவுயிர்களைக் குருதியிலிருந்து அகற்றும் இம்மருந்தே டி.இ.சி. எனப்படுவது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அந்நோயைப் பரப்புகிறது. தமிழ்நாட்டில் ஊர் ஊராக, வீடு வீடாக டி.இ.சி. மாத்திரைகள் வழங்கப்பட்டதை மூத்தோர் நினைவுகூர்வர். உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேட்டுப் பாருங்கள். அம்மாத்திரையை விழுங்கியவர் பலர் இருப்பர். அதனைத் தந்த ஆய்வகத்தின் தலைவர் திருவல்லிக்கேணியில் படித்தவர் என்பதை அறிந்தவர் சிலரே இருப்பர்.

அடுத்தது மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தம் பகைநுண்ணுயிர்களைக் கொல்லச் சுரக்கும் பொருள்களைச் சுப்பாராவின் ஆய்வகத்தினர் தேடினர். எழுபது வயதைக் கடந்த தாவரவியலறிஞர் பெஞ்சமின் டக்கருக்குச் சுப்பாராவ் அங்குப் பணியளித்திருந்தார். மிசௌரி மாநில வயல்மண் ஒன்றில் டக்கர் கண்ட நுண்ணுயிர் பொன்மஞ்சள் நிறப் பொருளொன்றைச் சுரந்தது. ஆரியோமைசின் எனப் பெயர்பெற்று 1948ஆம் ஆண்டு அது அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்து நுண்ணுயிர் எதிர்ப்பிகளுள் அதுவே முதலாவது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ப்ரூ நோய்க்குப் ஃபோலிக் அமிலம் மட்டும் போதாது எனப் பின்னாளில் தெரிந்தது. குடலில் பெருகும் நுண்ணுயிர்களையும் அடக்க வேண்டியிருந்தது. இன்று அந்நோய்க்கு மருத்துவர்கள் ஃபோலிக் அமிலத்தையும் டெட்ராசைக்ளினையும் சேர்த்தே பல மாதங்கள் தருகின்றனர். இரண்டு வழிகளும் ஒரே ஆய்வகத்தில் தொடங்கியவை. இச்சேர்க்கையின் பயனை அறியும் முன்பே சுப்பாராவ் மறைந்துவிட்டார்.

மறைவும் மறதியும்

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே இதயம் நின்று அவர் காலமானார். இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைவடையச் சில நாள்களே எஞ்சியிருந்தன. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் 1946ஆம் ஆண்டு வழிவிட்ட பின்னும் அவர் அதனைப் பெறவில்லை. ஊருக்குத் திரும்பவும் இல்லை. கால் நூற்றாண்டாகப் பிரிந்திருந்த சேஷகிரியை அவர் மீண்டும் காணவே இல்லை. அறிவியலின் கணக்கில் அவர் வரவு பெரிது. அந்த வீட்டின் கணக்கில் எழுதப்பட்டது வேறு.

கண்டுபிடிப்புகளை அறிவிக்கும்போது உடனுழைத்தோரை முன்நிறுத்தித் தாம் பின்னிற்பது அவர் இயல்பு. ஆகவே ஃபோலிக் அமிலமும் ஆரியோமைசினும் பெயர் பெற்ற அளவிற்கு அவர் பெயர் பெறவில்லை. அவருடைய மறைவுக்குப் பின் அறிவியலாளர்கள் ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயர் சூட்டினர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1995ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.